நான் விழுங்கிய ‘நேத்து’

புதிதாக மொழிபெயர்க்க வந்திருக்கும் உங்களிடம் இதை நேரில் பேசித்தான் சொல்லியிருக்க வேண்டும். குரல் இல்லை. காலையில் காபிக்குப் பிறகு கொஞ்சம் வரும், பத்து மணிக்குள் தீர்ந்துபோகும். கிசுகிசுப்பது தொண்டைக்கு லேசான வேலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்று, அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி அடுத்தவர் பேச்சை வேறு மொழியில் ஊற்றிக்கொண்டே இருப்பது. இருபத்தைந்து வருடம் அப்படி ஊற்றியதில் குரல்நாண் இரண்டிலும் காய்ப்பு விழுந்துவிட்டது. மேடைப் பேச்சாளரா, வாத்தியாரா என்று டாக்டர் கேட்டார். ரகசியம் பேசுகிறவன் என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் என்னை ஓய்வுக்கு அனுப்பியது தொண்டைதான்.

ஆகவே எழுதுகிறேன். குறிப்பெடுப்பது எப்படி, எண்களை எப்படிப் பிடித்து வைப்பது, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே ஒரு காலை நேரம். அந்தக் காலையில் நான் ஒரு சொல்லை விழுங்கினேன். இன்னும் அது உள்ளே எங்கோ நிற்கிறது. என் காய்ப்பை டாக்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோதுகூட, இதோ இதுதான் அந்தச் சொல்லோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

நம் வேலையின் முதல் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ‘அவர் சொல்கிறார்’ என்று நாம் சொல்வதில்லை. யார் பேசினாலும் அவருடைய ‘நான்’ நம் வாயிலும் ‘நான்’. அமைச்சர் பேசினால் நான் அமைச்சர். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் பேசினால் இரண்டு நாளாகத் தூங்காதவன் நான். நமக்கென்று ஏதாவது சொல்ல நேர்ந்தால் மட்டும், ‘மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்’ என்று நம்மை எட்ட நிறுத்திப் பேசிக்கொள்வோம். தன்னை ‘அவன்’ என்றும் அடுத்தவரை ‘நான்’ என்றும் சொல்கிற தொழில் வேறு எது இருக்கிறது? இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது மலைப்புதான்.

இரண்டாவது வழக்கம் பாடத்தில் கிடையாது. என்னை முதன்முதலாக ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டுபோன மூத்த அம்மையார், வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: “தலையாட்டாதீங்க.” அவ்வளவுதான். எதற்கு என்று சொல்லவில்லை. நம் ஊரில் ஒருவர் பேசினால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கே நாம் தலையாட்டுவோம். பேசுகிறவர் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த அம்மையார் கூட்டங்களில் கழுத்து இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார். கழுத்துவலி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஒரு குளிர் நாடு. பெயர் வேண்டாம். நம் அரசும் அந்த நாட்டு அரசும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. இங்கிருந்து போகும் இரும்புச் சாமான்களுக்கு அங்கே வாங்கும் வரி படிப்படியாகப் போய்விடும் என்பது அதில் ஒரு பகுதி. ஆனால் கையெழுத்தால் மட்டும் அதற்கு உயிர் வராது. அவர்களுடைய நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். அங்கே எதிர்க்கட்சி குறுக்கே நின்றது. எங்கள் பட்டறைகள் மூடிப்போகும், அந்தப் பக்கம் விரலையும் கையையும் பணயம் வைத்துச் செய்த மலிவுச் சரக்கு வந்து குவியும் என்றது. இங்கேயும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தொழிற்பேட்டை மதில் நெடுக, அவர்கள் இயந்திரம் வரியில்லாமல் வந்து இறங்கினால் நம் சின்னப் பட்டறைகள் என்ன ஆவது என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பயம், இரண்டு மொழியில். இரண்டையும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஆளின் பெயரையும் ஊரின் பெயரையும் எடுத்துவிட்டால் எது எந்தக் கரையின் பேச்சு என்று எனக்கே குழம்பும்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் நேரில் பார்த்துவிட்டுப் போக இரண்டு உறுப்பினர்கள் வந்தார்கள். ஒருவர் ஆளுங்கட்சி இளைஞர், ஒப்பந்தத்துக்கு ஆதரவு. மற்றவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மையார், எதிர்ப்பு அணியின் முக்கியமான குரல். எங்கே போகலாம் என்று பட்டியல் கொடுத்ததில், பளபளவென்று இருந்த பெரிய தொழிற்சாலைகளையெல்லாம் தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த ஒரு சின்னப் பட்டறையை அவர்தான் பிடித்தாராம்.

அது குமரவேலின் பட்டறை. அவர் ஒரு காலத்தில் இதே பேட்டையில் வேறொருவரிடம் கூலிக்கு இருந்தவர். இப்போது தகர ஷெட், நான்கு பிரஸ், பதினோரு பேர். பிரஸ்ஸில் இரும்புத் தகட்டை வைத்து அடித்தால் குழாய்களைச் சுவரில் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் விழும். அந்தக் குளிர் நாட்டின் குளியலறைக் குழாய்களைக் குமரவேலின் கிளாம்ப்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே வாடிக்கையாளர், அங்கே சங்கிலிபோல் கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. ஒப்பந்தம் நிறைவேறினால் ஆர்டர் இரட்டிப்பாகும், இல்லையென்றால் வேறு நாடு பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

விருந்தாளிகளின் கார் வானகரத்தில் பைபாஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் குமரவேல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். சட்டை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். புது பிரஸ். முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை இருக்கும், அதற்குள் விரல் நுழைந்தால் இயந்திரம் அந்தரத்திலேயே நின்றுவிடும். சொல்லி வைத்திருக்கிறாராம். ஆர்டர் உறுதியானால் அடுத்த மாதமே வந்துவிடும் என்றார்.

“இன்னா சார், உங்களுக்குத் தெரியாததா. ஏதாவது ஏடாகூடமா வந்தா நீங்கதான் பாத்து நல்லபடியா சொல்லணும்,” என்றார்.

நான் தலையாட்டினேன்.

கார் வந்தது. மாலை, இளநீர், பட்டறை வாசலில் கோலம். இளைய உறுப்பினர் எல்லாவற்றையும் படமெடுத்தார். அம்மையார் இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நேராக உள்ளே நடந்தார்.

பிரஸ் ஷாப்பின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் காலில் ஏறும். தரை ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை விம்மும். மூன்றாவது பிரஸ்ஸில் ரஹ்மத் என்ற பெண் நின்றிருந்தார். பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், முப்பத்தெட்டு வயது, அந்தப் பட்டறையில் ஒன்பது வருடம். காலையில் முதல் அடியைத் தகடு வைக்காமல் வெறுமனே அடிப்பார், பிஸ்மில்லா சொல்லி. மற்றவர்கள் இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வேலை முடிகிறவரை அதற்குப் பிறகு யாரும் இயந்திரத்துக்கு எதிரில் பொய்ச் சத்தியம் செய்வதில்லை, விளையாட்டுக்குக்கூட. அது அங்கே ஒரு வழக்கம். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

பிரஸ் எப்படி இயங்குகிறது என்பதில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். முன்பக்கம், ஒரு கை அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பச்சைப் பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து தகட்டை அடிக்கும் எடை இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் ஒரு விரலும் அடியில் இருக்க வழியில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான்.

இளைய உறுப்பினர் ஆர்வமாகக் குனிந்து இயந்திரத்தின் படுகைமேல் கையை ஊன்றினார். ரஹ்மத் அவர் மணிக்கட்டைப் பிடித்து, பீங்கான் பாத்திரத்தை நகர்த்துவதுபோல் எடுத்து ஓரமாக வைத்தார். அம்மையார் அப்படி எதுவும் செய்யவில்லை. அரை அடி பின்னால் தள்ளி, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் சற்றுச் சாய்த்து நின்றார்.

ரஹ்மத் அவரைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இந்தம்மா பிரஸ்ல நின்னவங்க,” என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

“கையப் பாருங்க. எங்க கீது? பின்னால. பிரஸ்கிட்ட நின்னவங்களுக்குக் கை தானாப் பின்னால பூடும்.”

நான் அதை மொழிபெயர்த்தேன். அம்மையாரின் முகம் அவிழ்ந்தது. பதினெட்டு வயதிலிருந்து பத்து வருடம், ஒரு பூட்டுத் தொழிற்சாலையில், என்றார். சத்தம் கேட்டதும் கை தானே பின்னால் போய்விட்டதை அவரே அப்போதுதான் உணர்ந்தாராம். நானும் இளைஞரும் குமரவேலும் ஒரு பக்கம் நிற்க, மொழி தெரியாத அந்த இரண்டு பெண்களும் இன்னொரு பக்கமாகி நின்றார்கள். அந்த ஒரு நிமிடம் நான் தேவைப்படவே இல்லை.

பிறகு அம்மையார் இயந்திரத்தைப் பார்த்தார். ரஹ்மத்தை இல்லை. இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். வலது பட்டன் தேய்ந்து பச்சை போய் நடுவில் வெளுத்திருக்கிறது. இடது பட்டன் ஏன் புத்தம்புதிதாக இருக்கிறது?

நான் அந்த இரண்டு பட்டன்களையும் அதற்கு முன் பார்த்திருக்கிறேன். பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். கேட்ட பிறகு அதைத் தவிர அந்த ஷெட்டில் வேறெதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கேள்வியைத் தமிழில் சொன்னேன். குமரவேல் தரையைப் பார்த்தார். யாரோ ஸ்விட்சை அணைத்தார்கள், நான்கு இயந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

ரஹ்மத் அவசரப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஆமா. இடது பட்டன அமுக்கி ஒட்டித்தான் ஓட்டுவோம். நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒட்டித்தான் கெடந்துச்சு, நீங்க வர்றீங்கன்னு எடுத்தோம். ஒரு கை பட்டன்ல, ஒரு கை தகடு தள்ள. இன்னா பண்றது, உங்க ஊரு கடைக்காரங்க கேக்குற எண்ணிக்கைக்கு ரெண்டு கையும் பட்டன்ல வெச்சிகினு இருந்தா ஆவாது.”

இப்போது நான் வாயைத் திறக்க வேண்டும்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நம் தொழிலில் யோசிக்கக் கிடைப்பது ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள் எனக்கு எல்லாம் வந்துபோனது. சுவரில் இருந்த ஒளித்திரைப் படம். பதினோரு பேர். இதைச் சொன்னால் அம்மையார் ஊருக்குப் போய் இதையே தூக்கிப் பிடிப்பார், ஓட்டு விழாது, ஆர்டர் போகும், புது இயந்திரம் வராது, பழைய இயந்திரத்தில் அதே இடது பட்டன் மறுபடி ஒட்டப்படும். இவள் விரலைக் காப்பாற்றத்தான் இந்தப் பொய் என்று எனக்குள் ஒருவன் மிக நியாயமாகப் பேசினான். தப்பு செய்யும்போது எவ்வளவு அழகாகப் பேசுகிறோம்.

ஆங்கிலத்தில் நான் சொன்னது இதுதான்: முன்பெல்லாம் சில சமயம் ஒரு பட்டனை ஒட்டிவிடும் பழக்கம் இருந்தது. இப்போது இரண்டு கையாலும்தான் இயக்குகிறோம்.

இளைய உறுப்பினர் மகிழ்ச்சியாகத் தலையசைத்தார். முன்னேற்றம் என்ற அர்த்தத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். குமரவேலின் தோள்கள் இறங்கின. அம்மையார் மட்டும் இன்னும் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்,” என்றார் ரஹ்மத்.

நான் திரும்பினேன்.

“நான் அம்மாம் பேசினேன், நீங்க இத்துனூண்டு சொன்னீங்க.”

ஆங்கிலத்தில் சுருக்கமாக வந்துவிடும் அம்மா என்றேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் நான் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அதுதான்.

“சரி. நேத்துக்கு இங்கிலீஷ்ல எஸ்டர்டேதானே? எம்பொண்ணு படிக்கும், கேட்டிருக்கேன். அந்த வார்த்த வருதான்னு பாத்துக்கினே இருந்தேன். வரலியே சார்.”

கோபம் இல்லை அந்தக் குரலில். கடையில் கொடுத்த சாமானில் ஒன்று குறைகிறதே என்று கேட்பதுபோல் கேட்டார். ஆனால் விருந்தாளிகளுக்கு, அந்த ஒரு சொல் காதில் பட்டிருந்தாலும், அவர் என்ன கேட்டார் என்று புரியவில்லை. இரண்டு உறுப்பினர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வெயிலைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். சாப்பாடு தயார் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிறவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு நாட்டின் ஓட்டு, இன்னொரு நாட்டின் ஷெட், எல்லாம் என் நாக்கு நுனியில். அது ஏதோ பெருமை மாதிரி இருந்தது. அடுத்த கணம் அருவருப்பாக இருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் விழுங்கியது ‘நேத்து’ மட்டுமில்லை. அதோடு சேர்த்து ‘உங்க ஊரு கடைக்காரங்க’ என்பதையும் விழுங்கியிருந்தேன். அந்த அம்மையாரின் நாட்டை நோக்கி, கடல் தாண்டி, ரஹ்மத் விரல் நீட்டியிருந்தார். நான் அந்த விரலை மடக்கிவிட்டிருந்தேன். பிரஸ் செய்யாததை நான் செய்தேன்.

ஆங்கிலத்தில் சொன்னேன்: “மொழிபெயர்ப்பாளர் தவறு செய்துவிட்டார். அவர் சில வாக்கியங்களை விட்டுவிட்டார். இப்போது முழுவதையும் சொல்கிறார்.”

இளைய உறுப்பினர் கையை உயர்த்தி, பழைய பழக்கங்களைப் பற்றி இவ்வளவு விரிவாக வேண்டாமே, அடுத்த இடத்துக்குப் போகலாமே என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மையார் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சொல்லுங்கள் என்றார் என்னிடம்.

சொன்னேன். நான் ஒட்டுகிறேன் என்றேன். நேற்று மாலை வரை ஒட்டித்தான் இருந்தது என்றேன். நீங்கள் வருகிறீர்கள் என்று எடுத்தோம் என்றேன். உங்கள் ஊர்க் கடைக்காரர்கள் கேட்கும் எண்ணிக்கைக்கு எனக்கு இரண்டு கை போதவில்லை என்றேன். என் ஆண் குரலில், தமிழ் வாடை அடிக்கும் என் ஆங்கிலத்தில், அத்தனை ‘நான்’களும் ரஹ்மத்தாக வெளியே போயின. அந்த வார்த்தை வந்தபோது ரஹ்மத்தின் புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது. சரிபார்த்துக்கொண்டார்.

பிறகு அம்மையார் கேட்டார், நான் உங்கள் ஒப்பந்தத்துக்கு எதிராகப் பேசப்போகிறவள் என்று உங்களுக்குத் தெரியுமா?

“தெரியும். ஓனர் சொன்னாரு.”

அப்புறம் ஏன் சொன்னீர்கள்?

ரஹ்மத் பிரஸ்ஸைக் காட்டினார். “நீங்க என்னப் பாத்துக் கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன். மிஷினப் பாத்துக் கேட்டீங்க. அதுக்கு எதிர்ல பொய் சொல்லிட்டு, அப்புறம் தெனம் அதுக்குள்ள கைய வெக்கணுமே.”

இதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

ரஹ்மத் இயந்திரத்தின் பின்பக்கம் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். நீல ரப்பர் செருப்பின் குதிகாலிலிருந்து ஆப்பு மாதிரி வெட்டியது. மேலே பாதிப் பூ அச்சு, மகளின் பழைய செருப்பாம். பட்டனை அமுக்கி, அதன் விளிம்பில் இந்த ஆப்பைச் செருகி, மேலே டேப் ஒரு சுற்று. செய்தே காட்டினார். அம்மையார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களுக்கு அது துணி காயப்போடும் மரக் கிளிப், என்றார். பாதியாக உடைத்துச் செருகுவோம். போர்மேன் வரும் சத்தம் கேட்டால் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வோம்.

ரஹ்மத் வாய்விட்டுச் சிரித்தார். “வாயிலியா? இங்க செருப்பும்மா. வாயில போட முடியாது.”

பூட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் நாற்பது வருடமும் ஒரு கடலும். இரண்டு ஊரிலும் யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. நம் சங்கங்களும் அரசுகளும் ஆயிரம் பக்கம் எழுதி இரண்டு நாட்டையும் ஒரே விதிக்குள் கொண்டுவரப் பாடுபடுகின்றனவே, இவர்கள் ஒரு மரக் கிளிப்பிலும் செருப்புத் துண்டிலும் எப்போதோ ஒன்றாகிவிட்டிருந்தார்கள். அம்மையாரும் சிரித்தார், நான் இரண்டு சிரிப்புக்கும் நடுவில் நின்றேன். சிரிப்பை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம்.

இதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று அம்மையார் கேட்டார்.

“எடுத்துக்கோங்க. இங்க இருந்தா நாளைக்கு நானே மறுபடி வெப்பேன்.”

மதியம் பூந்தமல்லியிலிருந்து வரவழைத்த பிரியாணி. யாருக்கும் இறங்கவில்லை. கார் கிளம்பிய பிறகு குமரவேல் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை.

“நீங்க தலையாட்டுனீங்களே சார்,” என்றார்.

செருப்பைக் கழற்றும்போது அந்த மூத்த அம்மையார் ஏன் காரணம் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. சொன்னால் புரியாது. அந்த ஒரு வரியை நாமே வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், நல்லது கெட்டது இரண்டும். அந்தக் கடைக் கம்பெனி ஆர்டரை இரட்டிப்பாக்கவில்லை, இருந்ததையும் பாதியாக்கியது. பதினோரு பேரில் மூன்று பேர் வேறு இடம் பார்த்துப் போனார்கள். ரஹ்மத்துக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஒளித்திரை பிரஸ்ஸின் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் குமரவேல் அடுத்த வாரமே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நான்கு இயந்திரத்திலும் வயரிங்கை மாற்றினார். இரண்டு பட்டனையும் ஒவ்வோர் அடிக்கும் விட்டு விட்டு அமுக்கினால்தான் இனி அடி விழும். செருப்பு வைத்தாலும் செல்லாது. கோபத்தில்தான் செய்தார் என்று கேள்வி. எதில் செய்தால் என்ன. என்னோடு இன்னும் பேசுவதில்லை.

அதற்குள் என் தொண்டை மூடிக்கொண்டது. வீட்டோடு இருந்தேன். ஒரு நாள் அந்த நாட்டிலிருக்கும் நம் தொழில்காரர் ஒருவர் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அவர்கள் நாடாளுமன்ற விவாதம். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் நம்மைப்போல் ஒருவர் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். இளம் குரல். உங்கள் வயதுதான் இருக்கும்.

அம்மையார் எழுந்தார். ஒப்பந்தத்தின் காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார். அதன்மேல், பேப்பர் பறக்காமலிருக்க எடை வைப்பதுபோல், அந்த நீலச் செருப்புத் துண்டை வைத்தார். கேமரா நெருங்கியது. பாதிப் பூ தெரிந்தது.

இதை ஏற்கக் கூடாது என்று அவர் பேசினார். அம்பத்தூரில் ஒரு பெண் விதியை மீறுகிறாள் என்பதற்காக ஏற்கக் கூடாது என்று சொல்லவில்லை. இத்தனை பக்கத்தில், எண்ணிக்கையை யார் போடுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் கடைகள் கேட்கும் எண்ணிக்கைதான் அவளுடைய இடது பட்டனை அமுக்குகிறது. அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டு வாருங்கள், நானே கை தூக்குகிறேன் என்றார். ஒப்பந்தம் குழுவுக்குத் திரும்பிப் போனது. இதை எழுதும் இன்றுவரை அங்கேதான் கிடக்கிறது. வரி வருமா, வந்தால் ஆர்டர் வருமா, எனக்குத் தெரியாது.

பேச்சின் நடுவே அவர் ரஹ்மத் சொன்னதை அப்படியே சொன்னார். தமிழில் பிறந்து, என் வாயில் ஆங்கிலமாகி, அவர் வாயில் அவர்கள் மொழியாகி, கூண்டுக்குள்ளிருந்த அந்த இளைஞன் வாயில் மறுபடி ஆங்கிலமாகி வந்தது. அவனுக்கு அம்பத்தூரைத் தெரியாது. பிரஸ்ஸைத் தெரியாது. ஆனாலும் தொழில் தெரிந்தவன், ‘நான்’ என்றுதான் சொன்னான். மூன்று மொழி, நான்கு வாய், ஒரே ஒரு ‘நான்’. வழியில் யாராவது ஒருவர் விழுங்கியிருந்தால் போதும். யாரும் விழுங்கவில்லை.

மறுநாள் காலை, குரல் இருக்கும்போதே போய்விட வேண்டும் என்று, பூந்தமல்லிக்கு முதல் பஸ் பிடித்தேன். ரஹ்மத்துக்கு அன்று வேலை இல்லாத நாள். வாசலில் பாய் விரித்து வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காதில் இயர்போனை மாட்டச் சொல்லி வீடியோவைப் போட்டேன். நடப்பதைப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டர் கூடாது என்ற வேலை. பாதியில் தொண்டை வறண்டு, காற்று மட்டும் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

செருப்புத் துண்டைத் திரையில் பார்த்ததும் ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டார். “எம்பொண்ணு செருப்பு,” என்றார். பிறகு எதற்கோ காத்திருப்பவர்போல் கண்ணை மூடி, வடாம் மாவு ஒட்டிய விரல்களால் இயர்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புரியாத ஆங்கிலம் அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று கையை உயர்த்தினார். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

“வந்துச்சு சார். எஸ்டர்டே.”

எனக்குக் குரல் தீர்ந்திருந்தது. தலையாட்டினேன்.